ரசலையன் முற்றத்துச் சர்க்கார் தேக்கு

குலசேகரத்துக்கு வடக்கே, காடு முடிந்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்கள் தொடங்கும் சரிவில் ரசலையன் குடியிருந்தான். நல்லமிளகுக் கொடி ஏற்றுவதில் கைதேர்ந்தவன். ஞாயிறுதோறும் சபையில் ஞானப்பாட்டுக்கு முதற்குரல் கொடுப்பவன். சட்டத்துக்கு அஞ்சி நடப்பவன். அவன் முற்றத்தில் ஒரு தேக்கு நின்றது.

அச்சரிவில் வேறு எவர் முற்றத்திலும் தேக்கு இல்லை. காட்டைக் காக்கவென்று திருவிதாங்கூர் சர்க்கார் விதித்த சட்டப்படி, தேக்கும் ஈட்டிமரமும் எவன் மண்ணில் முளைத்தாலும் மன்னனுக்கே உரியவை. ஆகவே, தேக்கங்கன்று இரண்டிலை விட்டதுமே பெண்கள் அதைப் பிடுங்கி அடுப்பில் இட்டுவிடுவர். மரத்தைக் காக்க வந்த சட்டம் கன்றுகளையெல்லாம் இவ்வாறு கொன்றுகொண்டிருந்தது. ரசலையனின் மனைவி தேவகனி மட்டும், மணமாகி வந்த புதிதில், கசக்கினால் உள்ளங்கை சிவக்கும் அந்த இலைமேல் ஆசைப்பட்டு ஒன்றை விட்டுவைத்தாள். அது கூரையைக் கடந்து வளர்ந்தபின், வனக்காவலர் நாராயணபெருமாள் வந்து அடிமரத்தில் சர்க்கார் முத்திரையைச் சுத்தியலால் பதித்துப் போனார். வேர் பெயர்ந்து மரம் வீட்டின்மேல் சாய்கிறதென்று ரசலையன் முறையிட்டான், மறுமொழி இல்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு இடவ மாத மழையில், பட்டப்பகலில், அது விழுந்தது. அடுப்படியிலிருந்த தேவகனியின் கால்கள் அடிமரத் தடியின் கீழ் அகப்பட்டன. இடிந்த மண்சுவரின் குவியல் தடியை அவள் மார்பில் இறங்காமல் தாங்கியதால் அவள் உயிரோடிருந்தாள், பேசவும் செய்தாள்.

"இஞ்ச பாருங்க, காலு இருக்கா இல்லியான்னே தெரியேல்ல. வெட்டுங்க. ராஜா வந்து கேட்டா நான் பறஞ்சுக்கிடுதேன்."

ரசலையன் கோடாலியை ஓங்கினான். அடுத்த தோட்டத்துச் செல்வதாஸ் அவன் கையைப் பிடித்தான்.

"மக்கா, முத்திரைய பாரு. ஒரு கொம்பு வெட்டினதுக்கு எங்க அண்ணன் இன்னும் ஜெயில்ல கெடக்கான். ஓடிப்போயி காவலர கூட்டீட்டு வா. ஒரு வார்த்த உத்தரவு போதும். நாங்க எல்லாரும் வெட்டுதோம்."

அஞ்சி வாழ்ந்தவனுக்கு அது நியாயமாகப்பட்டது. கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மழையில் ஓடினான்.

நாராயணபெருமாள் குடை பிடித்து வந்தார். தேவகனியைப் பார்க்குமுன் தடியின் நீளத்தைப் பார்த்தார்.

"ஏமானே, அவளுக்கு உயிரு இருக்கு. ரெண்டு வெட்டு வெட்டினா எடுத்துரலாம்."

"ஏலே, அப்பிடியே முழுசா கெடக்குற தடி இது. நடுவில வெட்டினா உத்தரத்துக்கு ஆவுமா? ரேஞ்சர் எனக்க தொப்பிய கழற்றிப் போடுவாரு. வெட்டாண்டாம். அடியில தோண்டி இழுத்து எடுங்க."

உத்தரவு வந்துவிட்டது. எல்லோரும் மண்வெட்டி எடுத்தனர். ரசலையனே முன்னின்று, சுவர் இடிந்த குவியலை மனைவியின் தோள்பக்கமிருந்து வாரினான். நனைந்த மண் எளிதாக வந்தது. தடியைத் தாங்கிநின்றதும் அந்த மண்ணே என்பது ஒருவர் கருத்திலும் படவில்லை. தடி முனகிற்று, மெல்ல அமிழ்ந்தது. தேவகனி, "ஐயோ, தோண்டாதீங்க" என்றாள். அதற்குமேல் அவளிடமிருந்து சொல் வரவில்லை.

மறுநாள் மழை வெறித்தது. சரிவின் மேற்புறத்திலிருந்து தடியின் அடியில் குழி தோண்டியே உடலை எடுத்தார்கள். தடியில் ஒரு கீறலும் இல்லை. பாடையைத் தூக்கும் நேரத்தில் காவலர், யானை வந்து தடியை இழுத்துப்போகும்வரை முற்றத்துக்காரனே அதற்குப் பொறுப்பு என்றார்.

"அடக்கம் கழிஞ்சு ஓடி வந்திருதேன், ஏமானே."

"போ. ஒனக்குப் பகரம் ஒருத்தன காவலுக்கு நிறுத்தீட்டுப் போ."

ரசலையன் சுற்றிலும் பார்த்தான். செல்வதாஸ் தலை குனிந்தான். ஒரு துண்டு குறைந்தாலும் ஜெயில் என்பதை அறியாதவர் அங்கே இல்லை. அவன் இல்லாமலே பாடை புறப்பட்டது. முதற்குரல் கொடுக்க ஆளில்லாத ஞானப்பாட்டு, தட்டுத்தடுமாறித் தொடங்கி, சரிவின் வளைவில் தேய்ந்தது.

வெயில் ஏறியது.

"ஏலே, இந்த வெயிலுக்குத் தடி வெடிச்சுப்போவும்," என்றார் நாராயணபெருமாள். "மேல நாலு ஓலை போடு."

ரசலையன் விழுந்துகிடந்த கூரையிலிருந்து ஓலைகளை உருவி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, தலைமுதல் அடிவரை ஒழுங்காக மூடினான்.