பரஞ்சோதி பூசாரி கையில் துப்பாக்கி கொடுத்த கதை

குருண் பசாரில் மீன் வாங்கப் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துப்பாக்கி சுடும் திடலில் பரஞ்சோதி பூசாரிமேல் முனியாண்டி இறங்கிவிட்டார். துப்பாக்கியை அரிவாள் மாதிரி சுழற்றினார். சிப்பாய்கள் நாற்பது பேரும் விழுந்து கும்பிட்டார்கள். முதலில் இதைச் சொன்னது காய்கறிக் கடை மருதம்மாள். சேதி தஞ்சோங் டாவாய் போய்ச் சேர்வதற்குள் பயிற்சி கொடுத்த சார்ஜனே தீ மிதித்துவிட்டார். நல்ல வேளை, அதற்கப்பால் கடல்.

நடந்தது வேறு. பரஞ்சோதியின் மனைவி தேவகி, ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அதனால் எழுதிவிடுகிறேன்.

பரஞ்சோதி எங்கள் எஸ்டேட் முனியாண்டி கோயில் பூசாரி. எஸ்டேட்டை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாயிற்று. கோயிலும் போகிறது, அவன் குடியிருக்கும் லயமும் போகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு ராணுவ முகாமில் இந்துச் சிப்பாய்களுக்குப் பூசை செய்ய, ஆறுதல் சொல்ல ஆள் கேட்டார்கள். பயிற்சியில் தேறினால் வேலை, தங்க குவாட்டர்ஸ். தேறாவிட்டால் மாதக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் சாமான்களோடு ரோட்டில்.

சேர்ந்த முதல் நாளே குடுமி போயிற்று. வெண்பொங்கலில் வளர்ந்த தொப்பை மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது.

"சாமி கும்பிடற வேலதானே சார்ஜன், எதுக்கு இந்த ஓட்டம்?" என்று மலாயில் கேட்டிருக்கிறான்.

சார்ஜன் ஹாலிம் சிரிக்கவே இல்லை. "குண்டு வர்றப்ப மணி அடிச்சிக்கிட்டு நிப்பியா? இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு!"

நான்காவது வாரம் துப்பாக்கி கொடுத்தார்கள். அங்கேதான் வினை. குருணில் புது மோட்டார், லாரி, சீன முதலாளி தவுக்கே வாங்கிய டிராக்டர் எதுவானாலும் பரஞ்சோதி பொட்டு வைக்காமல் உருளாது. புது இரும்பு கைக்கு வந்தால் அவன் விரல் தானாகத் திருநீற்றுப் பைக்குப் போய்விடும். பூட்ஸைக் கழற்றிவிட்டு, துப்பாக்கிக்கு மூன்று பட்டை, நடுவில் குங்குமம், கற்கண்டு படையல். படைத்த கற்கண்டை வீசக் கூடாதே என்று கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சார்ஜன் பார்த்தார். "என்ன இது? இதுக்குக் கல்யாணமா?"

துடைக்கச் சொன்னார், ஓடச் சொன்னார். பையைச் சோதிக்க மட்டும் மறந்துவிட்டார்.

மறுநாள் சுடும் தேர்வு. பழைய ரப்பர் மரத்தடியில் குப்புறப் படுத்தான் பரஞ்சோதி. இரண்டு குண்டு சுட்டான். மூன்றாவதற்கு முன்னால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தான். "ஐயோ! ஆ!" என்று தொடையில் அறைந்துகொண்டு ஆடினான்.

பக்கத்தில் படுத்திருந்த விக்னேஸ்வரன் சுங்கை பட்டாணி ஊர்ப் பையன். அவன் சும்மா இருந்திருக்கலாம். "சாமி வந்துருச்சி லா! யாரும் கிட்ட போகாதீங்க!" என்று கத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். சார்ஜன் ஹாலிமும் ஓரடி தள்ளித்தான் நின்றார்.

முகாம் மேஜர் அவனைக் கூப்பிட்டு மரியாதையாகவே கேட்டார். தெய்வம் வந்ததென்றால் அது சமய விஷயம், இந்தத் தேர்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம், தேர்ச்சி போட்டுவிடலாம் என்றார். பரஞ்சோதி தலையை ஆட்டினால் போதும். குவாட்டர்ஸ் சாவி மேசைமேலேயே கிடந்த மாதிரி.

சனிக்கிழமை லீவில் வந்தான். லய வாசலில் மருதம்மாள் தலைமையில் பத்து பன்னிரண்டு பேர், தட்டில் பழம், பூ.

"சாமி, அந்தத் துப்பாக்கி நம்பர் என்னா சாமி? கடைசி நாலு மட்டும் சொன்னா போதும். இன்னிக்கே லாட்டரில எழுதிடுவோம்."

தேவகி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பரஞ்சோதி பையைக் கீழே வைத்தான்.

"சாமியும் வரல, ஒண்ணும் வரல அக்கா. கற்கண்டுக்கு எறும்பு வந்துச்சி, கடிக்கக் கூடாத எடத்துல கடிச்சிச்சி. மேஜர்கிட்டயும் இததான் சொன்னேன். திங்கக்கெழம திரும்பச் சுடணும், தவறுனா வேல இல்ல. நம்பரு கிம்பரு கெடையாது. வீட்டுக்குப் போங்க."