எல்லப்பன் அம்பாசிடரில் ஏறிய சாட்டிலைட்

எல்லப்பன் தன் கிழட்டு அம்பாசிடரில் சாட்டிலைட் வழிகாட்டியை மாட்டியபோது முதலில் வேலை இழந்தவர் பெருமாள். டாஷ்போர்டின் நடுவில் பிளாஸ்டிக் மாலையோடு ஒட்டியிருந்த படம். வண்டியை முன்பு வைத்திருந்த காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி விட்டுப்போனது.

“சாமிய எட்துட்டு டப்பாவ வெக்கிறியே, நீ உருப்புடுவியா?” என்றாள் அவன் மனைவி சிட்டம்மாள்.

“இத்தினி வருசமா இங்கதானே குந்திக்கினு இருந்தாரு? ஒரு நாளாவது நேர் வழி காட்னாரா? ஏரிக்கரை மேலதானே என்னைய இஸ்துக்கினு போனாரு?”

சிட்டம்மாள் படத்தை எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்கு மேல் மாட்டினாள். அங்கே யாரும் வழி கேட்க மாட்டார்கள்.

ஏரிக்கரை விஷயம் இதுதான். எல்லப்பன் இருளன். அவனுடைய காலனி ஊரின் கடைசியில் இருக்கிறது. உத்திரமேரூர் சாலையிலிருந்து காலனிக்குப் போக ஊர்த் தெரு வழியாக நேராக ஒரு தார் ரோடு உண்டு. அரசாங்கக் காசில் போட்டது. ஆனால் காலனிக்காரன் அந்தத் தெருவில் சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். கார் என்றால்? காலனிக்காரன் கார் வாங்குவான் என்று யாரும் கனவில்கூட நினைத்ததில்லை. அதனால் அதற்கு விதி இல்லை. எல்லப்பன் வாங்கிய மறுநாளே விதி வந்துவிட்டது. ஏரிக்கரையைச் சுற்றிப் போ. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் பள்ளம். அம்பாசிடரின் ஸ்பிரிங் பட்டைகளில் பாதி அந்தக் கரையில்தான் உடைந்தன. ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

செங்கல் சூளையில் பிறந்தவன் எல்லப்பன். அரிசி மில் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினான். பட்டு வாங்கக் காஞ்சிபுரம் வரும் சென்னைக்காரர்கள்தான் அவனுடைய சவாரி. சேலை வாங்கிய கையோடு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கவும் வருவார்கள். குடவோலை, ஆயிரம் வருஷத்து ஜனநாயகம் என்று கைடு கண் கலங்கச் சொல்வான். நிலம் இல்லாதவன் பெயரை ஓலையில் எழுத முடியாது என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. அதைப் படிக்கும்போது மட்டும் கைடுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

சாட்டிலைட்டைக் கேட்டதும் சென்னைக்காரர்கள்தான். இரண்டாயிரத்து எட்டில் அது புது நாகரிகம். காஞ்சிபுரத்து எலக்ட்ரீஷியன் சிவகுமார் அரை நாள் வண்டிக்கடியில் படுத்திருந்துவிட்டு எழுந்தான். “இந்த வண்டில சார்ஜர் சொருக ஓட்டையே இல்லண்ணே. ஹாரன் ஒயர்லேர்ந்து கரன்ட்டு எட்துக்கீறேன். நல்லா ஓடும். ஹாரன் அடிச்சா மட்டும் அணைஞ்சிடும்.”

“அப்போ நா ஹாரன் அடிக்கறதா, வழி கேக்கறதா?”

“ரெண்டும் ஒண்ணா வோணும்னா புது காரு வாங்குண்ணே.”

ஐப்பசி மாத மழையில் ஒரு மாலை, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் இராமச்சந்திரனைச் சென்னையிலிருந்து அழைத்து வந்தான் எல்லப்பன். ஏரிக்கரை விதியைப் போட்டவர் இவரேதான். ஊரில் வேறு வாடகைக் கார் கிடையாது என்பதால் எப்போதும் இவன் வண்டியில்தான் போவார். தெருமுனைப் பம்புசெட்டருகே இறங்கி நடந்து போவார். எல்லப்பன் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் தீட்டு இல்லை. வண்டி தெருவுக்குள் வந்தால்தான் தீட்டு. சீட்டில் ஒட்டாமல் டயரில் மட்டும் ஒட்டும் அந்த வஸ்துவை எந்த விஞ்ஞானியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த முறை இராமச்சந்திரனுக்கு முட்டியில் ஆபரேஷன். கட்டு இடுப்பு வரை இருந்தது. பம்புசெட்டருகே எல்லப்பன் வழக்கம்போல வண்டியை நிறுத்தினான். சாட்டிலைட் டப்பாவுக்குள் பேசும் டாஷ்போர்டு அம்மாள் ஆங்கிலத்தில், நேராகப் போகவும் என்றாள்.

“இன்னாடா நிறுத்திட்ட?”

“இங்கதானே ஐயா எறங்குவீங்க?”

“இந்தக் காலோட எப்டிடா எறங்குறது? அந்தப் பொம்பளதான் போன்னு சொல்றாளே, போயேன்.”

“அவ ஊருக்குப் புதுசு, விதி தெரியாது. நீங்க சொல்லுங்க.”

மழை வலுத்தது. இராமச்சந்திரன் காலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். “சரி, உள்ள ஓட்டு” என்று கைக்குட்டைக்குள் முனகினார்.

“மழையில ஒண்ணும் கேக்கல ஐயா.”

“உள்ள ஓட்டுடா!”

பம்புசெட் கூரையின்கீழ் ஒதுங்கியிருந்த நான்கு பேருக்கும் கேட்டது. அம்பாசிடர் முதல் முறையாக ஊர்த் தெருவின் தாரில் உருண்டது. வானம் இடிந்து விழவில்லை. மழைதான் விழுந்துகொண்டிருந்தது.

இராமச்சந்திரனை வீட்டுக்குள் தூக்கிப் போனார்கள். எல்லப்பன் வண்டியைக் கிளப்பியபோது அவர் மகன் அசோக்கும் நாலைந்து பேரும் குடையோடு முன்னால் வந்து நின்றார்கள். எல்லப்பனைவிடப் பதினைந்து வயது சின்னவன் அசோக்.

“டேய், வந்த வழியே ரிவர்ஸ் எடு. கரை மேல போ.”

“கரையில சேறுப்பா. வண்டி ஏரிக்குள்ள பூடும்.”

“அதுக்கு இன்னா பண்ண சொல்ற?”

பதில் சொல்ல எல்லப்பன் வாயைத் திறப்பதற்குள் டாஷ்போர்டு அம்மாள் மறுபடி, நேராகப் போகவும் என்றாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“யார்ரா அது உள்ள?”

“சாட்டிலைட்டு. மேலேர்ந்து பாத்து வழி சொல்லுது. அது நேரா போன்னா நா இன்னா பண்றது? நீயே பேசிப் பாரு.”

அசோக் நிஜமாகவே ஜன்னலுக்குள் தலையை விட்டு, “லெஃப்ட், லெஃப்ட்” என்று அதட்டினான். அம்மாள் அசையவில்லை. நேராகப் போகவும். ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். “ராக்கெட் வுட்டவன்லாம் சும்மா சொல்வானா? மிஷினு சொல்லுதுன்னா அதுல நம்ம கௌரவத்துக்கு இன்னா வந்துச்சு? வுட்ருப்பா” என்றான் இன்னொருவன்.

தெருவே கலந்து பேசியது. கடைசியில் அசோக் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்தான்: “போ. ஆனா ஒண்ணு. மிஷினுக்குத்தான் வழி வுடறோம். உனுக்கில்ல.”

பேசாமல் கியரைப் போட்டிருந்தால் எல்லப்பன் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான். நாளைக்கும் போகலாம், நாளை மறுநாளும் போகலாம். டப்பா இருக்கும் வரை அனுமதி. வண்டியை வாங்கியவன் அவன், ஓட்டுகிறவன் அவன், பட்டை உடைந்தபோதெல்லாம் சேற்றில் படுத்தவன் அவன். வழி மட்டும் டப்பாவுக்கு.

கை ஸ்டியரிங்கின் நடுவில் இருந்தது. அமுக்கினான். அம்பாசிடர் ஹாரன் தெருவையே அறைந்தது. டாஷ்போர்டு அம்மாள் பாதிப் பேச்சில் செத்தாள். திரை கறுத்தது.

“டேய், அது அணைஞ்சிட்ச்சு!” என்றான் அசோக்.

“ஆமா. இப்ப நான்தான் போறேன்” என்றான் எல்லப்பன்.

கையை எடுக்காமல் வண்டியை நகர்த்தினான். நாய்கள் ஓடின, கதவுகள் திறந்தன. அசோக் குடையோடு கூடவே பத்தடி ஓடிவந்து, ஓடுவது அசிங்கமாக இருக்கிறது என்று உணர்ந்து நின்றுவிட்டான். வழிமறித்த விதியைப் போட்டவரோ உள்ளே, அதே வண்டியில் வந்து இறங்கிய காலை நீட்டிப் படுத்திருந்தார்.

அடுத்த நாள் பஞ்சாயத்துப் பேச்சு எழுந்தது. எல்லப்பன் போகவில்லை, சவாரி இருந்தது. தெரு வழியாகத்தான் சவாரிக்குப் போனான்.

அந்தச் சாட்டிலைட் பெட்டி பல ஊர்களில் அவனுக்கு வழி சொல்லியிருக்கிறது, சில இடங்களில் கிணற்றுக்குள்ளும் விடப் பார்த்திருக்கிறது. சொந்த ஊர்த் தெருவில் மட்டும் அன்றைக்குப் பிறகு அதற்குப் பேச வாய்ப்பே கிடைத்ததில்லை. பம்புசெட்டில் ஹாரன்மேல் வைத்த கையை, எல்லப்பன் காலனி வந்தபிறகுதான் எடுப்பான்.