பெஞ்சமின் அண்ணன் கட்டிய அடுப்படி

கொல்லிமலையில் கல்லுக்கா பஞ்சம்? கால் வைத்த இடமெல்லாம் கல். வயலில் கல், வழியில் கல், ஓடை முழுக்கக் கல். அப்படிப்பட்ட மலையிலிருந்து ஒரு மனுஷன் சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய், சிமெண்டை அச்சில் வார்த்துக் கல் மாதிரி சொரசொரப்பாகச் செய்த பலகைகளை வேனில் ஏற்றி மேலே கொண்டுவந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த மனுஷன் எங்கள் பக்கத்து வீட்டு பெஞ்சமின் அண்ணன்.

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற எங்கள் ஊரில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். இரண்டு குடும்பமுமே கீழேயிருந்து பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு ரேஷன் கடையில் வேலை. அண்ணனுக்குச் சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை. மிளகுக் கொடியும் மரக்கன்றும் கொடுக்க மலையெல்லாம் சுற்றுவார். காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். அவர் மனைவி பிரிசில்லா அக்கா. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அண்ணனுக்கு வாய் வராது. கை மட்டும் சும்மா இருக்காது. 'இந்தக் கதவு கீச்சுங்குதுங்க' என்று அக்கா சொன்னால் அன்றைக்கே எண்ணெய் போட்டுவிடுவார். துணி காயப்போடக் கயிறு எட்டவில்லை என்றால் மறுநாள் கம்பமே இடம் மாறியிருக்கும். பொண்டாட்டியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு அதெல்லாம் ஆணியும் சுத்தியலும்தான்.

அக்காவுக்கு நெஞ்சு சரியில்லை. வீட்டுக்குள் ஒரு மூலையில் இருட்டு அடுப்படி, விறகு அடுப்பு. கேஸ் சிலிண்டரெல்லாம் அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி எங்கள் ஊருக்கு வராத காலம் அது. தொண்ணூற்றெட்டில் இருமல் முற்றிப்போய் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார். இந்த நெஞ்சுக்குப் புகையும் ஆகாது, குளிரும் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். புகை போகக் கதவைத் திறந்தால் குளிர் வரும், குளிருக்குக் கதவைச் சாத்தினால் புகை தங்கும். கொல்லிமலையில் இருந்துகொண்டு ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்?

அண்ணன் யோசித்தார். கொல்லைப்புறத்தில் பலா மரத்துக்குப் பக்கத்தில் தனி அடுப்படி கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். நான்கு இரும்புக் கால், மேலே தகரம், நின்றபடி சமைக்க இடுப்புயரத்துக்கு மேடை, அதன்மேல் அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஒரு சுவர். மற்ற மூன்று பக்கமும் வெட்டவெளி.

அந்த ஒரு சுவருக்குத்தான் போலிக் கல். என் வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏனுங்க பெஞ்சமின், மலை முழுக்கக் கல்லு கெடக்குது. கீழ போயி சிமெண்ட்டுக் கல்லு வாங்கியாறீங்களே, ஆராச்சும் கேட்டா என்ன சொல்றது?"

அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "சேலத்துல இவ தங்கச்சி ஊட்டுப் புது ஊட்டு ஜெபத்துக்குப் போயிருந்தமுங்க. அங்க முன்சொவத்துல இந்தக் கல்லுதான். இவ தடவித் தடவிப் பாத்தா. 'எத்தன அழகா இருக்குதுங்க'ன்னா. அதுதானுங்க."

அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கொத்தனாரெல்லாம் வைக்கவில்லை. இரும்புச் சட்டம் அடித்து, சட்டத்துக்குள் ஒவ்வொரு பலகையாக வைத்து, இடுக்கில் சிமெண்ட் பூசி, எல்லாம் அவர் கையாலேயே செய்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் இருட்டும்வரை அங்கேதான் நிற்பார். சிமெண்ட் அவர் விரலைத் தின்றுவிட்டது. நுனியெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்று இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

பால் காய்ச்சிய அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சுவரை முந்தானையால் துடைத்துத் துடைத்து நின்றாள். புகை பலா மரத்துப் பக்கம் போனது, இருமலும் மட்டுப்பட்டது. குழம்பு கூட்டும்போது பாட்டு முணுமுணுப்பாள், எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். நல்ல மாதங்கள் அவை.

ஆடி பிறந்தது. காற்றுப் பிடித்தது. காற்றோடு மூடுபனியும் வந்து அடுப்படிக்குள் நுழைந்து அடுப்பை அணைத்தது. அக்காவுக்கு மறுபடி இருமல். அண்ணன் பதறிப்போய்க் கீழே இறங்கினார், பலகைகளோடு வந்தார், மேற்குப் பக்கத்தை அடைத்தார். அடுத்த ஐப்பசி மழைக்கு வடக்குப் பக்கம். மார்கழிக் குளிருக்கு மிச்சமிருந்த பக்கமும் அடைத்து ஒரு கதவு வைத்தார். அப்புறம் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் சாந்து வைத்து மூடினார். மலைக்காரர்கள் அந்த இடைவெளியை மட்டும் மூடவே மாட்டார்கள். குளிர் வந்தால் வரட்டும், புகை போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். கீழேயிருந்து வந்த நமக்குத்தான் குளிர் என்றால் பேயைக் கண்ட மாதிரி.

டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் அவர் மூளை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பலகையும் அவ்வளவு அழகாகத்தான் வைத்தார், பாவி மனுஷன்.

ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் புளி கேட்கப் போனேன். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே புகை வழிந்துகொண்டிருந்தது. தள்ளித் திறந்தால் ஆளே தெரியவில்லை.

"அட சாமி! அக்கா!"

உள்ளேயிருந்து கண் சிவக்க, மூக்கில் நீர் ஒழுக வெளியே வந்து சிரித்தாள். "வெறகு ஈரம் அம்மணி. அதுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, வேலியோரம் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்ண்ணா, அடுப்படி கட்டுனீங்களா, கரி சுடற சூளை கட்டுனீங்களா? உள்ள மனுசி நிக்க முடியல. ஒரு பக்கத்தத் தொறந்து உடுங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பிரிசில்லா!" என்று கூப்பிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"புகை நிக்குதா உள்ள?"

"அம்சவேணிக்கு எதையும் பெருசு பண்ணாட்டித் தூக்கம் வராதுங்க," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "இன்னைக்கு ஒரு நாளு ஈர வெறகு. ஞாயித்துக்கெழமையெல்லாம் நீங்களும் அங்கதான உக்காந்திருக்கறீங்க. புகை இருந்துச்சுங்களா?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். "இல்ல," என்றார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. உள்ளே போய் லுங்கி மாற்றிக்கொண்டார்.

நான் அக்காவை விடவில்லை. "பொய் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?"

"அந்த மனுசன் கையைப் பாத்தியா அம்மணி?" என்று மட்டும் கேட்டாள். "அதை இடின்னு எந்த வாயில சொல்லுவேன்?"

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. நல்ல பொம்பளைகள் மேல் எனக்கு வருகிற கோபம் வேறு யார் மேலும் வருவதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அடுப்படிக்கு வெளியே விறகை இரண்டு குவியலாக வைத்திருப்பாள். ஒன்று கண்டபடி கிடக்கும், மழையில் நனையும். இன்னொன்று நறுக்கென்று உடைகிற சுள்ளி, சாக்கு போட்டு மூடியிருக்கும். அவசரத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து இரண்டு குச்சி எடுத்தேன். கையில் ஒரு தட்டு தட்டினாள். "அது ஞாயித்துக்கெழம வெறகு. தொடாதே." கிறிஸ்தவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருக்கும் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

இரண்டாயிரத்தில் அடைமழையின்போது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு கீழே இறங்கவில்லை. ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் அவள் தலையைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் முடிந்ததெல்லாம் செய்தார்கள். அந்த நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் பிரிசில்லா அக்கா போய்விட்டாள்.

அண்ணன் அழுததைவிட அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். "கடசி ரெண்டு வருசம் புகை இல்லாம இருந்தாளுங்க. குளிரு இல்லாம இருந்தா. அதையாச்சும் செஞ்சு குடுத்தேன்." வந்தவர்கள் அந்தச் சுவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்க நான் யார்?

அடுத்த வருடம் அவருக்குக் கீழே மாற்றல் வந்தது. போவதற்கு முன்னால் அக்காவின் கல்லறையைக் கட்டிவிட வேண்டும் என்றார். எதை வைத்துக் கட்டுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. அவளுக்குப் பிடித்த கல்தான், அவள் அடுப்படிக் கல்தான்.

அன்றைக்குக் காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். கூடமாட ஒத்தாசைக்கு நானும் போனேன். பூசியது அவராச்சே, ஒவ்வொரு பலகையும் லேசில் வரவில்லை. இடுக்குச் சிமெண்ட்டைக் கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததை நான் வெளியே அடுக்கினேன்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு முறம் மாட்டியிருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அதன் பின்னாலிருந்த பலகையில் உளியை வைத்தார். அடிக்கவே இல்லை. பலகை தானாக அசைந்தது. விரலைக் கொடுத்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது.

அதன் நான்கு ஓரத்திலும் சிமெண்ட் சுரண்டியிருந்தது. கத்தி நுனியால் எத்தனை நாள் சுரண்டினாளோ. பலகையின் ஒரு மூலையில் துளை போட்டு, பழைய சேலைக் கரையைக் கிழித்து, பிடித்து இழுக்க ஒரு வளையம் கட்டியிருந்தாள். வெளிப்பக்கம் புதரும் சரிவும்தான், யார் கண்ணுக்கும் தெரியாது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஒருத்தி தலையைத் திருப்பினால் சரியாக முகத்துக்கு நேரே வரும் அந்த ஓட்டை.

அண்ணன் அதில் முகத்தை வைத்துப் பார்த்தார். வெளிக்காற்று அவர் முடியை அசைத்தது.

"நான் வர்றதுக்குள்ள எடுத்த எடத்துலயே வெச்சிருக்கறா," என்றார், என்னிடமா தனக்குத்தானா தெரியவில்லை. பிறகு திரும்பினார். "ஞாயித்துக்கெழம ஏன் புகை இல்ல அம்மணி?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட விதத்துக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "காஞ்ச சுள்ளிய உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்கண்ணா."

அவர் உளியைக் கீழே வைத்தார். எடுத்த பலகைகளையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் மறுபடி சட்டத்தில் வைத்தார். இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். நனைந்த விறகை அள்ளிக்கொண்டு போனார். பானையில் தண்ணீர், படியில் அரிசி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவுக்குக் கீழே புகை வழிய ஆரம்பித்தது. இருமல் கேட்டது. நான் கதவைத் தட்டினேன், "அண்ணா, அண்ணா" என்று கத்தினேன், திட்டினேன், அழுதேன். கதவு திறந்தது. அவர் மண்ணில் வந்து முட்டி போட்டு விழுந்தார். கண்ணும் மூக்கும் ஒழுக, மூச்சு இழுக்க, பேச முடியாமல் இருமி முடித்துத்தான் சொன்னார்.

"ஒலை இன்னும் கொதிக்கக்கூட இல்ல அம்மணி. அதுக்குள்ள ஓடியாந்துட்டேன். அவ சோத்த வடிச்சு எறக்கி, கொழம்பும் வெச்சிருக்கறா. தெனமும்."