நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

துறையில் எல்லோரும் அவளை மண் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பெயரில் அறுபத்தொரு ஆய்வுக் கட்டுரைகள். அதில் அறுபதைப் படித்தவர்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம், இடமும் மிஞ்சும். மிச்சமிருந்த ஒன்றுதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. மண்ணில் முடங்கிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து, மக்காச்சோள வேருக்கு ஊட்டும் ஒரு பாக்டீரியாவைப் பற்றியது அது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பேராசிரியர் பதவியும் துறைத் தலைவர் நாற்காலியும் அதனால் வந்தவைதான்.

அந்தக் கட்டுரை தப்பு.

மண்ணைக் கொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஆட்டோகிளேவில் வைத்து ஒரு நாள் ஆவியில் வேகவைத்தால் விழித்திருக்கும் கிருமிகள் சாகும். தூங்கும் வித்துகள் சாகாது; மறுநாள் முளைக்கும். அதனால் இரண்டாம் நாளும் வேகவைக்க வேண்டும், மூன்றாம் நாளும் வேகவைக்க வேண்டும். அப்புறம்தான் பாக்டீரியாவை மண்ணுக்குள் விட்டு, விடாத தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட வைத்த தொட்டிகளின் மண்ணை அவள் முந்தின வாரமே மூன்று நாளும் வேகவைத்திருந்தாள். பாக்டீரியா விட்ட மண்ணுக்கு மூன்றாம் நாள் விடுமுறை வந்துவிட்டது, கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள். பயிரை வளர்த்தது அவளுடைய பாக்டீரியா இல்லை, சாகாமல் தப்பிய ஏதோ கூட்டம்.

இரண்டு வருடம் கழித்துப் பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் இது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் தொண்ணூறு மேற்கோள் ஏறியிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து பதினோரு வருடம் புலிவாலைப் பிடித்த கதைதான். வீட்டிலாவது நிம்மதி உண்டா? கணவர் காலையில் காபியோடு கம்ப்யூட்டரைத் திறந்து, "இன்னிக்கு ரெண்டு ஏறியிருக்கு, பாத்தியா!" என்பார். பாவம், பெருமை தாங்காத மனிதர். அவளுடைய காபி அப்படியே ஆறிப்போகும்.

எங்களுக்கு அந்த முடிவு வரவில்லையே என்று எங்கெங்கிருந்தோ கடிதம் வரும். "ஈரப்பதத்தைச் சரிபாருங்கள்" என்று பதில் போட்டுவிடுவாள். ஒருவர் மட்டும் விடாக்கண்டர். மூன்று வருடமாக முயன்றும் வரவில்லை, நீங்கள் செய்வதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று எழுதி, துணைவேந்தரிடம் அனுமதியும் வாங்கி, திங்கட்கிழமை வந்து நின்றார். ஐம்பதைத் தொட்ட ஆள். காதோரம் நரை. முனை மழுங்கிய பென்சில்.

முதல் நாள் மண் வெந்தது. அவர் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டார். இரண்டாம் நாளும் வெந்தது. அன்று ராத்திரி முழுக்க அவள் கணக்குப் போட்டாள். மூன்றாம் நாளும் வேகவைத்தால் பயிரில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஈரப்பதம் என்று சொல்லித் தப்பிக்கலாம், இவர் இன்னும் மூன்று வருடம் ஈரப்பதத்தைச் சரிபார்ப்பார். உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும், பேர் போகும், கணவரின் காலைக் காபியும் போகும். அட கடவுளே, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

புதன்கிழமை அவரே மண்ணை உள்ளே அடுக்கிவிட்டு, கைப்பிடியில் கை வைத்தார். "மூடட்டுமா மேடம்?"

"வேண்டாம் சார்."

"இன்னிக்கு மூணாவது நாளாச்சே?"

"அன்னிக்கு நான் மூணாவது நாள் வைக்கலை." அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள். "கட்டடம் பூட்டியிருந்துச்சு. ரெண்டு நாளோட விட்டுட்டேன். அதான் உங்களுக்கு வரலை. யாருக்குமே வராது."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் பக்கத்து ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"பதினோரு வருஷமா தெரியும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்தார். துணைவேந்தருக்குத்தான் என்று நினைத்து அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், "என்னங்க, முடிஞ்சுதா?" என்றது.

"நான்தான்மா பேசறேன்," என்றார் அவர். அதற்கு மேல் சொல்ல முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஆராய்ச்சி வராதுன்னு வேலையை விட்டிருக்கவே வேண்டாம்மா. நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."