வெள்ளையடித்த வெடிப்பு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் பின்சுவரில் வெடிப்பு விழுந்த நாளிலிருந்து நான் அதை அளந்துகொண்டிருந்தேன். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன். அளக்காமல் இருக்க முடியுமா? தினமும் காலையில் அடிமட்டம் வைத்து, சுவரிலேயே பென்சிலால் தேதியோடு கோடு போட்டேன். பின்னால் இருக்கும் மலைச்சரிவு இறங்குகிறது என்பது என் கணிப்பு. மழைக்கு முன் எங்கள் ஆறு குடும்பங்களையும் வேறிடம் மாற்ற வேண்டும். அதற்கு மண்சரிவை ஆராயும் விஞ்ஞானி ஒருவர் வந்து பார்த்து அறிக்கை தரவேண்டும். மூன்று கடிதம் போட்ட பிறகு, வருவதாகப் பதில் வந்தது.

"விஞ்ஞானி சொன்னாத்தான் அரசாங்கம் கேக்கும்" என்று ஒரு வாரம் வீட்டில் பாடம் நடத்தினேன்.

"அப்ப இத்தன நாளா யாரு சொன்னதக் கேட்டுச்சு?" என்றார் அப்பா.

அவர் வரும் நாளுக்கு முந்தின நாளே நுவரெலியாவுக்குப் போய்த் தங்கி, மறுநாள் கொழும்பிலிருந்து வந்த அந்த விஞ்ஞானி மேடத்தோடு ஜீப்பில் வந்தேன். வழிநெடுக என் கோடுகளைப் பற்றிச் சிங்களத்தில் விளக்கினேன். "நேரில் பார்ப்போமே" என்றார் அவர்.

நேரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆறு வீட்டுச் சுவரும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. வெடிப்பைக் காணோம். என் கோடுகளையும் காணோம்.

"என்னாப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கொழும்புலருந்து ஆபீசரம்மா வர்றாங்க. வீட்ட ஓட்ட ஒடசலாவா காட்டுறது?" என்ற அப்பா, மேடத்தின் பக்கம் திரும்பினார். "சாஞ்சிராதீங்கம்மா, சுண்ணாம்பு இன்னும் காயல."

அதை மொழிபெயர்க்கும்போது என் காது சுட்டது. மேடம் சிரிக்கவில்லை. "அடைக்க எவ்வளவு கலவை போனது என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ரெண்டு வாளி! போடப் போட உள்ள எறங்கிக்கிட்டே இருக்கு. கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் போகுது."

மேடம் எழுதினார். நான் மேல் அகலத்தை மட்டுமே அளந்திருந்தேன்; கையை உள்ளே விட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"எங்க வீட்டுல மூணு வாளி" என்று பக்கத்து வீட்டு அத்தை குறுக்கே வந்தார். "இவரு சும்மா ரெண்டுக்கே இந்தக் குதி குதிக்கிறாரு."

"கதவு சாத்த மாட்டேங்குதுன்னு நான் ரெண்டு தடவ சீவிட்டேன், அதையும் எழுதச் சொல்லு தம்பி!" என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

ஒளித்து வைத்ததையெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எனக்கு வேலை மொழிபெயர்ப்பு மட்டும். பிறகு மேடம் சரிவில் ஏறி, மண்ணையும் நீர்க்கசிவையும் வெகுநேரம் பார்த்தார்.

மழைக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. புது இடம் தயாராகும்வரை பாடசாலை மண்டபத்தில் தங்கவேண்டும். காரணங்களில் வாளிக்கணக்கும் கதவும் இருந்தன. என் குறிப்புப் புத்தகம் கடைசி இணைப்பாக இருந்தது, அதுவும் மரியாதைதான்.

கிளம்பும் நாளில் அப்பா கதவைப் பூட்டப் பார்த்தார். கதவு நிலையோடு சேரவில்லை. மறுபடி கதவைச் சீவ, சீவுளியைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒண்ணரை வெரல் எடவெளி" என்றார். "அந்தம்மாவுக்கு ஒரு போன் போடு."