கூடிய ஆறு சென்டிமீட்டர்

கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் கிருபாசங்கருக்கு இருபத்தாறு வயது வரை உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கபடியில் அதுவே அவனுக்குப் பலம். ரைடு போனால், பிடிக்க வருகிறவர்களின் கைக்கு அடியில் புகுந்து நடுக்கோட்டுக்கு வந்துவிடுவான். ஆனாலும் கொஞ்சம் வளர வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, உள்ளே கம்பி வைத்து, நாளுக்கு முக்கால் மில்லிமீட்டராக நீட்டும் சிகிச்சையைச் செய்துகொண்டான். மூன்று மாதத்துக்குள் ஆறு சென்டிமீட்டர் கூடிவிட்டது.

எலும்பு நீண்ட வேகத்துக்குக் கெண்டைக்கால் சதை நீளவில்லை. குதிகால் தரையில் பதியாமல் நுனிக்காலில் நின்றான்.

காந்திபுரத்தில் பிசியோதெரபி பார்க்கும் சாயிரா பானு, அவனுடைய பஸ் டிக்கெட்டைத் தரையில் போட்டு, அதைக் குதிகாலால் அழுத்தச் சொன்னார். அவர் இழுத்தபோது டிக்கெட் சுலபமாகக் கையோடு வந்தது.

"கபடி எப்ப மேடம் ஆடலாம்?"

"மொதல்ல இந்த டிக்கெட்டை மிதிங்க. கபடியை அப்புறம் பேசிக்கலாமுங்க."

ஐந்து மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை டிக்கெட் வர மறுத்தது. இழுத்ததில் பாதியாகக் கிழிந்தது. சாயிரா பானு கிழிந்த துண்டைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இருந்த எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

அதன்பின் படிக்கட்டு, மெதுவோட்டம், ஒற்றைக்கால் தாவல். இரண்டாம் வருஷம் கம்பியையும் எடுத்து, ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷமாகப் பயிற்சிக் களத்தில் இறங்கியவன், பழக்கத்தில் அணித் தலைவன் ரவிக்குமாரின் கைக்கு அடியில் புகப் பார்த்தான். நெற்றி நேராக முழங்கையில் போய் இடித்தது. மறுநாளும் அதே கதை.

"மாப்ள, ஒசரமானது உனக்கே மறந்துபோச்சாட்ட இருக்குது!"

கூட்டம் சிரித்தது. கிருபாவும் சிரித்தான், ஆனால் உள்ளுக்குள் கலங்கிப்போனான்.

ஒரு நாள் பிடியிலிருந்து தப்ப, எரிச்சலில் காலை வீசினான். எட்டாது என்று தைரியமாக நின்ற ரவிக்குமாரின் முட்டியில் பெருவிரல் உரசியது.

"தொட்டுட்டேன்!"

"பொய்யி! அங்கிருந்து எட்டாதுடா."

சாக்பீஸால் கோடு போட்டு அளந்தார்கள். எட்டியது. அன்றிலிருந்து குனிவதை விட்டுவிட்டு நாலு மாதம் கால் வீச்சையே பழகினான்.

மேட்டுப்பாளையம் போட்டியில் முதல் ரைடிலேயே அமுக்கிவிட்டார்கள். அடுத்த ரைடில் ஒரே வீச்சில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். அரையிறுதியில் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அவன் எடுத்தது மட்டும் ஏழு.

மறுநாள் காலை கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கம்பெனிக்கு அரை நாள் லீவு சொன்னான். கையோடு ரவிக்குமாருக்கும் போன் போட்டான்.

"சத்தியமங்கலம் மேட்சுக்கு எம் பேரை இப்பவே குடுத்துப்போடு, மாப்ள."