கார் ரேடியோவில் ஒரு இரைச்சல்

எங்களுக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம், என் கணவரின் அண்ணன் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனார். போகும்போது தன் பழைய காரை எங்களிடம் விட்டுப் போனார். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அப்போது மொத்தம் மூன்று கார்கள்தான். என் கணவர் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியர். கார் வந்த மறுமாதமே அதில் ஒரு ரேடியோவைப் பொருத்திவிட்டார். போகிற வழியில் செய்தி கேட்கலாம், சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் வர்ணனை கேட்கலாம் என்று ஆசை.

கார் நின்றுகொண்டிருக்கும் வரை ரேடியோ அருமையாகப் பாடியது. எஞ்சினைக் கிளப்பியதும் இரண்டு சத்தங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று கொசுவின் ரீங்காரம்போல மெல்லிசாக, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உச்சத்துக்கு ஏறும். இன்னொன்று எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி. செய்தியில் "மத்திய அமைச்சர்" என்பது வரை காதில் விழும். அவர் என்ன சொன்னார் என்பது விழாது.

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். முதல் சனிக்கிழமை டைனமோவில் ஒரு கண்டென்சரைப் பொருத்திக் கொடுத்தார். ரீங்காரம் அத்தோடு போயிற்று. பொரிகிற சத்தம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை பிளக் வயர்களில் சத்தத்தை அடக்கும் சின்ன மூடிகளைச் செருகினார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிட்டது. சாதாரணமாகக் குரலே உயர்த்தாத என் கணவர், அன்றைக்கு ரேடியோவின் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. போர்வை வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. ஒரு லைனில் கொரகொரவென்று வந்தால், எங்கள் டெக்னீஷியன் முதலில் வெளியிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிடுவார். சத்தம் நின்றால் கோளாறு வெளியே, நிற்காவிட்டால் உள்ளே. பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பாய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். "செட்டுலதான் இன்னாவோ கீது ஸார். வேற செட்டு மாத்திப் பாருங்க" என்றார்.

நான் காரிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, அந்த ஏரியல் வயரை ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. அவருக்குத் தெரியாததா?" என்றார் என் கணவர்.

சந்தில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. இறங்கிப் போய் நேராக பாயிடமே சொன்னேன்.

"அத்தப் புடுங்கினா ரேடியோவே பாடாதும்மா" என்றார் பாய்.

"பாட வேண்டாம் பாய். அந்தப் பொரியற சத்தம் வருதா, இல்லையா? அது மட்டும் பார்த்தாப் போதும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஏரியல் வயரை உருவினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"அட!" என்றார் பாய். "அப்போ செட்டு நல்லாத்தான் கீது. பேட்டரி லைனும் நல்லாத்தான் கீது. ஏரியல் வழியாத்தாம்மா உள்ள வருது!"

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மட்கார்டில் நின்ற ஏரியலை அடியோடு கழற்றினார். அதன் அடித்தட்டு தகரத்தோடு ஒட்ட வேண்டிய இடத்தில் பெயிண்ட்டும் துருவுமாக இருந்தது. எர்த் சரியாகப் பிடிக்காததால்தான் எஞ்சினின் இரைச்சல் ஏரியல் வழியே உள்ளே புகுந்திருக்கிறது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, நட்டைத் திரும்ப இறுக்கினார். எஞ்சினைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தபோது, ரேடியோவில் யாரோ நெற்பயிருக்கு உரமிடுவது பற்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அதை வெகு கவனமாகக் கேட்டோம்.

"செட்டு மாத்தச் சொல்லிட்டேன் ஸார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் பாய்.

ஆழ்வார்ப்பேட்டை வந்ததும் என் கணவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "எக்ஸ்சேஞ்சுல இதெல்லாம்கூடச் சொல்லித் தர்றாங்களா?" என்றார்.

"யாரும் சொல்லித் தரலை. பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான்."

"நாலு பேர் எதிர்ல உன்னைச் சும்மா இருன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றேன். அத்தோடு விட்டுவிட்டோம். போர்வை வாங்க மறந்துபோனது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரை விற்கும் வரை அந்த ரேடியோ நன்றாகத்தான் உழைத்தது. மழையில் வைப்பர் ஓடும்போது மட்டும் ஒரு சின்ன முனகல் கேட்கும். அதற்காக நாங்கள் யாரிடமும் போகவில்லை.